அரிக்கமேட்டின் செங்கல் தொட்டிகளும் மதுச்சாடிகளும்: மது சார்ந்த கட்டடங்களை அடையாளம் காண்பதில் எழும் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் கொம்யூனில், அரியாங்குப்பம் ஆற்றின் வலக்கரையில் அமைந்துள்ள அரிக்கமேடு, மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த மதுச்சாடிகள் கிடைத்த இடமாக அறியப்பட்டது. அங்கு அகழ்ந்து காட்டப்பட்ட செங்கல் கட்டடங்களுள் ஒன்று கிடங்கு என்றும், தொட்டிகள் சாயத் தொட்டிகள் என்றும் 1946 முதல் நூல்களில் பதிவாகி வருகின்றன. மதுவை ஆக்குவதற்கும் தேக்கி வைப்பதற்கும் எத்தகைய கட்டடம் தேவைப்படும் என்னும் கேள்வியை முன்வைத்து, அவ்வடையாளங்களின் வலிமையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சங்க இலக்கியச் சான்றுகள், ஐரோப்பிய மால்ட் கூடங்களின் அமைப்பு, குடியேற்றக்கால இந்திய மது ஆலைகள் ஆகியன ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அரிக்கமேடு, அரியாங்குப்பம், ஆம்போரா, சாயத் தொட்டி, மால்ட் கூடம், தேறல், தொழிற்கூடக் கட்டடக்கலை

முன்னுரை

தமிழகத் தொல்லியலில் செங்கல் தொட்டி ஒன்று வெளிப்பட்டால் அதனைச் சாயத் தொட்டி என்று குறிப்பது ஏறத்தாழ மரபாகிவிட்டது. இம்மரபின் தொடக்கம் அரிக்கமேடு. அங்கு 1945இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வில் வெளிப்பட்ட தொட்டிகளுக்கு அவர் தந்த விளக்கம், பின்னர் உறையூரிலும் பிற இடங்களிலும் கிடைத்த தொட்டிகளை விளக்குவதற்கு முன்மாதிரியாயிற்று. அதே அகழாய்வில் மதுச்சாடிகளின் உடைசல்களும் மிகுதியாகக் கிடைத்தன. எனினும் அரிக்கமேட்டுக் கட்டடங்களை மதுவோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி விரிவாக மேற்கொள்ளப்படவில்லை.

அத்தொட்டிகள் மதுத் தொட்டிகளே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கட்டடத்தின் வடிவத்தை மட்டும் கொண்டு அதில் நடந்த தொழிலை உறுதி செய்ய இயலுமா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. வடிவமே போதும் என்றால், சாயத்துக்குக் காட்டப்படும் சான்று மதுவுக்கும் பொருந்தும். வடிவம் போதாது என்றால், இரண்டுமே கருதுகோள்கள்தாம். இவ்வேறுபாடு தெளிவுபடாமல் பாடநூல்களில் சாயத்தொழில் உறுதிப்பட்ட செய்தியாக இடம்பெறுவது வரலாற்றெழுத்துக்கு நலம் பயப்பதன்று.

1. மது ஆக்கும் கட்டடத்தின் இலக்கணம்

தானியத்திலிருந்து மது ஆக்குவதில் முதன்மையான செயல் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது. ஐரோப்பாவில் இதற்கு வாற்கோதுமையை (பார்லி) முளைக்கச் செய்து உலர்த்துவர். இவ்வாறு முளைகட்டி உலர்த்திய தானியமே மால்ட். மரபான மால்ட் கூடத்தின் அமைப்பு இத்தொழிலின் மூன்று படிநிலைகளைப் பின்பற்றியது. முதலாவது, தானியத்தை இரண்டு மூன்று நாள் ஊறவைக்கும் தொட்டி. இரண்டாவது, ஊறிய தானியத்தை ஒரு சாணுக்கு மிகாத கனத்தில் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட்டு முளைக்கச் செய்யும் நீண்ட தளம். மூன்றாவது, முளைத்த தானியத்தைச் சூடேற்றி முளையை நிறுத்தும் சூளை. நீண்ட தாழ்வான தளங்கள், சிறிய சாளரங்கள், ஒரு முனையில் உயர்ந்து நிற்கும் சூளைக் கூரை ஆகியன இத்தேவைகளிலிருந்து பிறந்தவை. முளைக்கும் தானியம் தானே வெப்பத்தை வெளியிடும் ஆதலால் தளம் குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். அதனால் ஐரோப்பாவிலும் இத்தொழில் குளிர்காலத்திலேயே நடைபெற்று வந்தது.

திராட்சை மதுவுக்கு முளைகட்டல் தேவையில்லை. உரோமானிய வேளாண் மனைகளில் பழத்தை மிதிக்கும் தளம், சாறு வந்து சேரும் தொட்டி, சாறு புளித்து மதுவாகும் பெருந்தாழிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்த முற்றம் ஆகிய மூன்றும் அமைந்திருந்தன. தொட்டியின் உட்புறத்தில் நீர் கசியாத சுண்ணக்காரை பூசப்பட்டது. பொம்பெயி நகரை ஒட்டிய பொஸ்கொரியாலே மனையில் இவ்வமைப்பு முழுமையாக வெளிப்பட்டுள்ளது.

இவ்விரு மரபுகளிலிருந்தும் பெறத்தக்க பொது அளவைகள் நான்கு: நீர் வரவும் வடிகாலும், நீர் கசியாத உட்பூச்சு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, ஆக்கிய பொருளைத் தேக்கிவைக்கும் இடம். இவற்றுள் முதல் இரண்டும் சாயத்தொழிலுக்கும் உரியன. அவுரியிலிருந்து நீலம் எடுக்கும் இடத்தில் இலையை ஊறவைக்கும் தொட்டி மேலேயும், ஊறிய நீரை வடித்து அடித்துக் கலக்கும் தொட்டி கீழேயும் அமையும். தோல் பதனிடுதல், சுண்ணாம்பு நீற்றுதல் ஆகிய தொழில்களும் தொட்டியையும் வடிகாலையும் வேண்டுவனவே. ஆகவே தொட்டியும் வடிகாலும் சேர்ந்து காணப்படுவது, நீர் பெரிதும் புழங்கிய தொழில் ஒன்று நடந்தது என்பதற்கு மட்டுமே சான்றாகும்.

கட்டடத்தின் வடிவம் தொழிலை உறுதிப்படுத்தாது என்பதற்கு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் உள்ள டிதரிங்டன் ஆலை தக்க எடுத்துக்காட்டு. 1797இல் சணல்நார் நூற்பதற்காகக் கட்டப்பட்ட அவ்வாலை, இரும்புச் சட்டகத்தில் எழுந்த உலகின் முதல் கட்டடம் என்று போற்றப்படுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது மால்ட் கூடமாக மாற்றப்பட்டது. சாளரங்கள் பல அடைக்கப்பட்டன, சூளை சேர்க்கப்பட்டது. 1987 வரை அங்கே முளைகட்டும் தொழில் நடந்தது. எழுத்து ஆவணம் இல்லாதிருந்தால், அக்கட்டடத்தின் தொடக்க நோக்கத்தை அதன் இறுதி வடிவத்திலிருந்து உய்த்துணர்வது கடினமாகும்.

2. அரிக்கமேட்டு அகழாய்வுகளின் வரலாறு

வெள்ளிக் கோளின் கடப்பைக் காண்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்தீய், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வீராம்பட்டினத்தை ஒட்டிய ஆற்றங்கரையில் பழைய சுவர்களைக் கண்டு எழுதினார். 1937இல் ழூவோ துப்ரேய், அகஸ்டஸ் பேரரசரின் தலை பொறித்தது என்று கருதப்பட்ட மணிக்கல்லைப் பெற்றதை அடுத்து இவ்விடம் அறிஞர் கவனத்தை ஈர்த்தது. 1940களின் தொடக்கத்தில் பாதிரியார் ஃபோஷேவும் சுர்லோவும் அகழ்ந்தனர். அங்கிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்திருந்த சாடித்துண்டு ஒன்றைக் கண்ட வீலர், 1945இல் முறையான அகழாய்வை மேற்கொண்டு, அதன் அறிக்கையை 1946இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வெளியிட்டார். 1947 முதல் 1950 வரை ழான் மரி கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் கே.வி. இராமனும் பென்சில்வேனியா, சென்னைப் பல்கலைக்கழகங்களின் சார்பில் மீண்டும் அகழ்ந்தனர்.

உரோமானியர் வருகைக்குப் பின்னரே இங்கு நகர வாழ்வு எழுந்தது என்னும் வீலரின் கருத்தைப் பெக்லியின் ஆய்வு மாற்றியது. அவ்வருகைக்கு முன்பே இங்கு ஊர் இருந்ததும், அதன் வாழ்வு வீலர் வகுத்த எல்லையைக் கடந்து நெடுங்காலம் தொடர்ந்ததும் புலப்பட்டன. ஆனால் காலக்கணிப்பு இவ்வாறு திருத்தம் பெற்ற அளவுக்குக் கட்டடங்களின் பயன்பாடு பற்றிய கருத்துகள் மறுஆய்வு பெறவில்லை.

3. வடபகுதிக் கட்டடமும் மதுச்சாடிகளும்

மேட்டின் வடபகுதியில், ஆற்றை ஒட்டி, ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள எளிய செங்கல் கட்டடத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. வீலர் அதனைக் கிடங்கு என்று கருதினார். ஆற்றுத்துறைக்கு அண்மை, நீண்ட வடிவம் ஆகியன அக்கருத்துக்குத் துணைநிற்கின்றன.

அங்கு எது வைக்கப்பட்டது? இருகைப்பிடியும் குவிந்த அடியும் உடைய ஆம்போரா என்னும் சாடி, ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும் உரோமானிய அளவைக்குப் பெயர் தந்தது. நிறைந்த சாடியைத் தூக்க இருவர் வேண்டும். அதன் அடி கூரியதாதலால் தளத்தில் நில்லாது. மணலில் ஊன்றியோ, சுவரில் சாய்த்தோ, ஒன்றன் தோளிடையே மற்றொன்றன் அடியைப் பொருத்தியோ அடுக்குவர். எனவே சாடிக் கிடங்குக்கு வேண்டுவது நிழலும் மணல் தளமும் நீர்த்துறையுமே. சமன்செய்த கல் தளமோ செங்கல் தளமோ அதற்கு இன்றியமையாததன்று. அரிக்கமேட்டின் மணற்பாங்கான ஆற்றங்கரை இத்தேவையை இயல்பாகவே நிறைவு செய்யும்.

அரிக்கமேட்டுச் சாடிகளை ஆய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் கோஸ் தீவின் வகையைச் சேர்ந்தவை மிகுதி என்று காட்டினார். இரட்டைத் தண்டாக அமைந்த கைப்பிடி அவ்வகையின் அடையாளம். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். அதனைப் போன்ற மதுவை இத்தாலியில் ஆக்கும் முறையைக் கேட்டோ தம் வேளாண் நூலில் தந்துள்ளார். சாடிகளுள் சில கி.மு. காலத்தைச் சேர்ந்தவை என்பதும் வில்லின் முடிவு. வடபகுதிக் கட்டடமோ கி.பி. முதல் நூற்றாண்டினது என்று வீலர் கருதினார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால், செங்கல் கிடங்கு எழுவதற்கு முன்பே மதுச்சாடிகள் இங்கு வந்திறங்கின என்பது பெறப்படும். மது வணிகத்துக்குக் கிடங்கு முன்நிபந்தனையாக இருக்கவில்லை.

மேலும், வில் இனங்கண்ட சாடிகளுள் ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும் மீன்சாறு கொண்டுவந்த சாடிகளும் உள்ளன. ஆகவே சாடி கிடைத்த இடமெல்லாம் மது இருந்தது என்றும் கொள்ள முடியாது. காலியான சாடிக்கு வேறு பயன்களும் இருந்திருக்கும். ‘எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்’ முசிறிப் பகுதியில் இறக்குமதியான பொருள்களுள் மதுவைக் குறிப்பிடும்போது அது மிகுதியாக இல்லை என்றே கூறுகிறது. பொதுகே என்று அந்நூல் குறிக்கும் துறை அரிக்கமேடாகலாம் என்று கருதப்பட்டாலும், அங்கு இறங்கிய பொருள்களின் தனிப்பட்டியல் அதில் இல்லை.

4. தென்பகுதித் தொட்டிகள்

தென்பகுதியில் சுவர்சூழ்ந்த முற்றங்களும், அவற்றோடு இணைந்த செங்கல் தொட்டிகளும், கவனமாகக் கட்டப்பட்ட நீர்க்கால்களும் வெளிப்பட்டன. சோழமண்டலக் கடற்கரையின் மெல்லிய துணிவகைகளைப் பண்டைய நூல்கள் குறிப்பதை நினைவிற்கொண்டு, இவை துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகள் என்று வீலர் விளக்கினார். பிற்காலத்தில் உறையூர், வசவசமுத்திரம் ஆகிய இடங்களிலும் தொட்டிகள் கிடைத்தன. வசவசமுத்திரத்தில் தொட்டியோடு ஆம்போராத் துண்டுகளும் கிடைத்தமை இங்கு கருதத்தக்கது. அண்மைக் காலத்தில் கீழடியிலும் தொட்டிகளும் நீர்க்கால்களும் வெளிப்பட்டுள்ளன.

முற்கூறிய நான்கு அளவைகளை இங்கு பொருத்திப் பார்க்கலாம். நீர் வரவும் வடிகாலும் தெளிவாக உள்ளன. நீரைத் தாங்கும் கட்டுமானம் உள்ளது. மூன்றாவது அளவையாகிய வெப்பக் கட்டுப்பாடு வேறுவகையானது. முளைகட்டும் தளத்துக்கு ஐரோப்பியர் விரும்பிய வெப்பநிலை ஏறத்தாழ 12 முதல் 16 பாகை செல்சியஸ். புதுச்சேரிக் கடற்கரையில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. எனவே தானியத்தைப் பெருமளவில் தளத்தில் பரப்பி முளைகட்டும் கூடம் இங்கு அமைந்திருக்க வாய்ப்பில்லை. நான்காவதாகிய தேக்கிடத்தைப் பொறுத்தவரை, தொட்டிகளை அடுத்துப் புதைதாழிகள் வரிசையாக அமைந்த முற்றம் எதுவும் அகழாய்வு அறிக்கைகளில் சுட்டப்படவில்லை.

ஆகவே இத்தொட்டிகள் மது ஆலையின் பகுதிகள் என்பதற்கு ஆதரவு குறைவு. ஆனால் இக்காரணங்கள் சாயத்தொழிலுக்கு நேரடிச் சான்றாகிவிடா. அவை மதுவை விலக்குகின்றனவேயன்றிச் சாயத்தை நிறுவவில்லை. சாயத்தொழிலை நிறுவுவதற்குத் தொட்டியின் உட்பூச்சில் நிறமியின் எச்சமோ, படிகாரம் போன்ற நிறமூன்றும் பொருளின் தடயமோ, அவுரி விதையோ வேண்டும். தொட்டிகளின் தளமட்ட வேறுபாடும், நீர்க்காலின் சரிவும், ஒரு தொட்டியின் கொள்ளளவும் துணைச்சான்றாகும். ஊறல் தொட்டியும் அடிதொட்டியும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கவேண்டும் என்பது நீலம் எடுக்கும் தொழிலின் கட்டாயம். துணி தோய்க்கும் தொட்டிக்கு அக்கட்டாயம் இல்லை. சாயத் தொட்டி என்னும் ஒரே பெயரின் கீழ் இவ்விரு தொழில்களும் கலந்து பேசப்படுவதும் சிக்கலை மிகுவிக்கிறது.

5. கட்டடம் வேண்டாத மது: இலக்கியச் சான்று

அரிக்கமேட்டைச் சூழ்ந்த கடற்கரை மக்கள் தமக்கு வேண்டிய மதுவை எங்கு ஆக்கினர்? இவ்வினாவுக்குப் பத்துப்பாட்டில் விடை கிடைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையை விரித்துரைக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பாத்திரத்தில் ஆற்றி, புற்றாஞ்சோற்றைப் போன்ற தோற்றமுடைய அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரவும் கழியுமாறு வலிய வாயையுடைய சாடியில் முதிரவைத்துப் பிழிந்தெடுப்பதாக அப்பகுதி அமைந்துள்ளது. மாவுச்சத்தை மாற்றும் வேலையை இங்கு அவ்வடை செய்கிறது. மால்ட் கூடத்தின் தொட்டி, தளம், சூளை ஆகிய மூன்றின் இடத்தில் அகன்ற பாத்திரமும் அடையும் சாடியும் நிற்கின்றன. வெப்பமான கடற்கரையில் இரண்டே நாளில் மது முதிர்ந்துவிடுகிறது. ஐரோப்பியருக்குத் தடையாகும் வெப்பம் இம்முறைக்குத் துணையாகிறது.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்து நுளைமகள் வடித்த பழந்தேறலைப் பேசுகிறது. கடலலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரம் அங்கு விறகாகிறது. எயிற்பட்டினம் புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுவர். அவ்வாறாயின் அரிக்கமேட்டுக்கு மிக அண்மையிலுள்ள இலக்கியச் சான்று இதுவே. தேறல் பழமையானது என்ற குறிப்பால், சில நாளேனும் அது தேக்கிவைக்கப்பட்டது என்பதும் தெரிகிறது. இரு பாடல்களிலும் மது ஆக்குமிடம் பரதவர் வாழும் மனையே. தனித்த ஆலையைப் பற்றிய பேச்சு இல்லை. சிறுபாணாற்றுப்படையில் ஆக்குபவர் பெண் என்பதும் குறிக்கத்தக்கது.

பனங்கள்ளும் தென்னங்கள்ளும் இதனினும் எளியவை. பாளையில் கட்டிய கலயத்திலேயே சாறு புளிக்கத் தொடங்கிவிடும். ஓரிரு நாளில் காடியாகிவிடும் ஆதலால் தேக்கிடமும் வேண்டுவதில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிப்பு தடைப்பட்டு அது பதநீராகும். ஆகவே ஒரு கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு காணப்படுவது கள்ளுக்குச் சான்றாகாது, மறுதலையாகும். எச்ச ஆய்வு இத்தகைய நுட்பங்களைக் கருதி நிகழ்தல் வேண்டும்.

யவனர் தந்த மதுவுக்குரிய இடம் வேறு. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தரப் பருகி மகிழுமாறு பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். அது அரண்மனைக்குரிய பொருள். வலைஞர் மனைச் சாடியும் யவனர் சாடியும் ஒரே கடற்கரையில் இருந்தபோதிலும், ஒன்று ஆக்கத்தின் கலம், மற்றொன்று போக்குவரத்தின் கலம். அகழாய்வில் அயல்நாட்டுச் சாடித் துண்டு உடனே அடையாளம் பெறுகிறது. உள்ளூர் மதுச்சாடியோ பொதுவான மட்கலக் குவியலில் அடையாளமின்றிக் கலந்துவிடுகிறது. இதனால் அரிக்கமேட்டின் மது வரலாறு இறக்குமதியின் வரலாறாகவே எழுதப்படுகிறது.

6. குடியேற்றக் காலமும் ஆலைக் கட்டடமும்

மது ஆக்குவதற்கென்று தனிக் கட்டடம் தென்னிந்தியாவில் பெருகியது குடியேற்றக் காலத்தில்தான். ஆங்கிலேயப் படையினருக்கான பீர் ஆலைகள் முதலில் குளிர்ந்த மலைகளை நாடின. இமயமலைச் சாரலில் கசௌலி, சோலன், முர்ரி ஆகிய இடங்களிலும், தெற்கே நீலகிரியிலும் அவை எழுந்தன. நீலகிரியில் படகர் வாற்கோதுமை பயிரிட்டு வந்தனர் என்பதும் நோக்கத்தக்கது. 1870களில் எந்திரக் குளிரூட்டல் மது ஆலைகளுக்குப் பயன்படத் தொடங்கிய பின்னரே வெப்பச் சமவெளிகளில் பீர் ஆலை நிலைபெறும் நிலை உருவாயிற்று. 1915இல் நீலகிரி, பெங்களூரு ஆலைகள் உள்ளிட்ட ஐந்து ஆலைகளை இணைத்து யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனம் உருவானது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வழங்கியது சாராய மரபு. காய்ச்சி வடிப்பதற்கு அடுப்பும் குளிர்நீரும் வேண்டும். வரி தண்டுவதற்கு ஆக்கமிடம் ஒருமுகப்பட வேண்டும். தொழில்நுட்பத் தேவையோடு வருவாய்த் தேவையும் சேர்ந்தே வடிசாலை என்னும் கட்டடத்தை உருவாக்கியது. கடற்கரைச் சாலையின் வடபகுதியிலுள்ள பழைய வடிசாலை வளாகம் அம்மரபின் எச்சம். மதில், ஒற்றை வாயில், கணக்கறை ஆகியன மதுவின் வேதியியலிலிருந்து பிறந்தவை அல்ல, அரசின் கண்காணிப்பிலிருந்து பிறப்பவை. வலைஞர் மனையில் இவற்றுக்கு இடமில்லாதிருந்தது இயல்பே.

அரிக்கமேட்டில் இன்று தரைக்கு மேல் நிற்கும் செங்கல் சுவர்களும் பண்டைய வணிகரின் கட்டடங்கள் அல்ல. 1770களில் பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையினர் வீராம்பட்டினத்தில் நடத்திய குருமடத்தோடு தொடர்புடையவை அவை. மேட்டின் பழைய செங்கற்கள் பிற்காலக் கட்டுமானங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டமையால் சுவர்கள் பலவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. குறைபட்ட தரைப்படத்தைக் கொண்டு பயன்பாட்டை முடிவு செய்வதில் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு. அரிக்கமேட்டின் வடபகுதிக் கட்டடம் கிடங்கு என்பது ஏற்கத்தக்க கருத்து. எனினும் அது மதுக்கிடங்கு என்பதற்குச் சாடித் துண்டுகள் மட்டும் போதா. தென்பகுதித் தொட்டிகள் மது ஆக்கத்துக்கு உரியன அல்ல என்று கொள்வதற்கு வெப்பநிலையும் தேக்கிடமின்மையும் காரணமாகின்றன. ஆயினும் அவை சாயத் தொட்டிகள் என்பதும் எச்ச ஆய்வு வழி உறுதிப்படும்வரை கருதுகோளே. அத்தொட்டிகளைப் பொதுவாகத் தொழில்நீர்த் தொட்டிகள் என்று குறிப்பது, பெயரிலேயே முடிவைத் திணிக்காமல் இருக்க உதவும். உள்ளூர் மது ஆக்கம் கட்டடத்தில் அன்றிக் கலத்தில் நிகழ்ந்தது. ஆகவே அதன் வரலாற்றைச் சுவர்களில் தேடாது, வாயகன்ற பாத்திரங்களிலும் கனத்த வாயுடைய சாடிகளிலும் தேடுதல் வேண்டும்.

இத்தேடலுக்குரிய காலம் குறுகியது. ஆற்றங்கரை அரிப்பு மேட்டின் விளிம்பைத் தொடர்ந்து குறைத்து வருகிறது. வீலர் வடபகுதியில் அகழ்ந்த அடியடுக்குகள் நீர்மட்டத்துக்குக் கீழ் இருந்தன. அத்தகைய ஈர அடுக்குகளில்தான் விதை முதலான கரிமப் பொருள்கள் கெடாமல் எஞ்சும் வாய்ப்பு மிகுதி. முந்தைய அகழாய்வுகளில் சேர்த்து வைக்கப்பட்டுள்ள உள்ளூர் மட்கலத் துண்டுகளின் உட்புறப் படிவுகளை வேதியியல் முறையில் ஆய்வது புதிய அகழாய்வு இன்றியே செய்யத்தக்க பணி. உறையூர், வசவசமுத்திரம், கீழடித் தொட்டிகளின் கொள்ளளவையும் தளமட்டத்தையும் ஒரே முறையில் அளந்து அட்டவணைப்படுத்துவதும் அவ்வாறே. இவ்விரு பணிகளும் நிறைவேறிய பின், தமிழகக் கடற்கரையின் தொழிற்கூடங்களைப் பற்றி உய்த்துணர்வுக்கு அப்பால் சென்று பேச இயலும்.